குவில்: இறகா, குழலா?

டிரில்லிங் மெஷினின் கைப்பிடியைச் சுற்றினால், துளையிடும் பிட்டோடு சேர்ந்து ஒரு பளபளப்பான எஃகு உருளை இறங்கி வருமே, அதன் பெயர்தான் குவில். பலர் அதையும் ஸ்பிண்டில் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஸ்பிண்டில் சுழலும், குவில் சுழலாது. குவிலுக்கு உள்ளே, பேரிங்குகளில் உட்கார்ந்து ஸ்பிண்டில் சுற்றுகிறது. குவிலின் முதுகில் வெட்டிய பற்களைக் கைப்பிடித் தண்டிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரம் தள்ள, அது ஏறி இறங்குகிறது. அவ்வளவுதான்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'quill' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'இறகு', 'இறகுத்தண்டு', 'முள்ளம்பன்றி முள்' என்று வரும். இரும்பு மெஷினில் இறகுக்கு என்ன வேலை? சொல்லின் வேரில் இருப்பது பறவை அல்ல, உள்ளீடற்ற தண்டு. நாணல் துண்டும் குவில், இறகின் அடித்தண்டும் குவில். மை தொட்டு எழுதும் இறகுக்கு அந்தப் பெயர் ஒட்டியது பிறகுதான். நெசவாளர்கள் நாணல் துண்டில் ஊடை நூலை (துணியில் குறுக்கே ஓடும் நூலை) சுற்றினார்கள். அந்த நூற்குழலுக்கும் அதே பெயர். பக்கத்துப் பெயரான ஸ்பிண்டிலும் நூற்பிலிருந்து வந்ததே.

இங்கேதான் தமிழுக்கு ஒரு வசதி. நூற்கும் ஸ்பிண்டிலுக்குக் 'கதிர்' என்ற சொல் நம்மிடம் முன்பே உண்டு, ராட்டைக் கதிர் என்கிறோமே அதுதான். ஊடை நூல் சுற்றிய குச்சிக்குத் 'தார்' என்று பெயர். தறி இருக்கும் வீடுகளில் தார் சுற்றுவது அன்றாட வேலை. ஆனால் பட்டறையில் போய்த் தார் என்றால் ரோடு போடுகிற தார்தான் நினைவுக்கு வரும். உள்ளீடற்ற குழாய்க்குத் 'தூம்பு' என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. மலைபடுகடாம் யானைத் துதிக்கைக்கு ஒப்பிடும் இசைக்கருவி அது. அழகான சொல்தான், ஆனால் இன்று விளக்கம் சொல்லாமல் புரியாது. எனவே என் தேர்வு 'கதிர்க்குழல்': கதிரைத் தாங்கும் குழல். வேலையையும் வடிவத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் குவில் லாக் 'குழல்பூட்டு'. துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்று வரம்பு வைக்கும் டெப்த் ஸ்டாப்பை 'ஆழ நிறுத்தம்' என்றால் பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கிறது. அது எதையும் நிறுத்திவைப்பதில்லை. திருகுத்தண்டில் உள்ள நட்டு ஒரு மேட்டில் போய் முட்டுகிறது, அதற்குமேல் குழல் இறங்காது. 'ஆழமுட்டு' என்பதே பொருத்தம்.

குழல்பூட்டு, ஆழமுட்டு இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் உண்டு. முட்டு கீழ்நோக்கி மட்டும் தடுக்கும். பூட்டு குழலை அசையாமல் பிடித்துக்கொள்ளும். பூட்டு பெரிதும் உதவுவது ஆழமுட்டின் அளவை அமைக்கும்போதுதான். மரத்தின் பக்கவாட்டில் ஆழத்தைக் கோடிட்டு, மெஷினை அணைத்து, பிட்டைக் கோடுவரை இறக்கிக் குழலைப் பூட்டுங்கள். இப்போது இரண்டு கையும் காலி. திருகுத்தண்டிலுள்ள இரண்டு நட்டுகளில் முதலாவதை மேட்டில் முட்டும்வரை இறக்கி, இரண்டாவதை அதன்மேல் இறுக்குங்கள். அப்புறம் பூட்டைத் தளர்த்த மறக்கக் கூடாது. பூட்டியிருப்பது தெரியாமல் கைப்பிடியைப் பலங்கொண்டு இழுத்தால் குழலில் கீறல் விழும்.

கோட்டோடு எதைச் சேர்ப்பது, நுனியையா, வெட்டு விளிம்பின் ஓரத்தையா? நுனிக்கோணம் 118 பாகை உள்ள சாதாரண பிட்டில் நுனிக் கூம்பின் உயரம் விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு. 10 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ. முழு விட்டத்தில் ஆழம் வேண்டுமென்றால் ஓரத்தைத்தான் சேர்க்க வேண்டும். பலகை மெல்லியதாக இருந்தால் அந்த 3 மி.மீ. மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும்.