பாய் மாதிரி சுருட்டிட்டு வர்ற மைதானம்

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான், ஃபுட்பால் பைத்தியம். ஒரு நாள் சாயங்காலம் ஓடி வந்து அவங்கப்பா போன்ல ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவுல ஒரு ஸ்டேடியம், மேல முழுக்க கூரை, கீழ ஒரு வண்டி பச்சையா ஒரு பெரிய சுருளை மெதுவா விரிச்சிட்டே போகுது, பின்னாடி நாலு பேர் அதை அடுத்த சுருளோட ஒட்டி ஒட்டித் தள்ளுறாங்க. "மாமா, இது நிஜப் புல்லா பிளாஸ்டிக்கா?"ன்னான். நிஜப் புல்லுதான்டான்னேன். "அப்ப வேரை அறுத்துத்தானே சுருட்டியிருப்பாங்க, செத்துடாதா? அது மேல எம்பாப்பே ஓடினா பேத்துக்கிட்டு வராதா?"

நான் ரெண்டு நிமிஷம் முழிச்சேன், ஏன்னா அவன் கேட்டது ரொம்ப சரி. சாதாரணமா பண்ணா செத்துதான் போகும், பேத்துக்கிட்டும் வரும். வேரை அறுக்காமலே சுருட்ட ஒரு வழி இருக்கு, அந்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை.

2026 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோன்னு மூணு நாட்டுல 16 ஸ்டேடியம். 48 டீம், 104 மேட்ச், ஜூன் 11-ல இருந்து ஜூலை 19 வரைக்கும். அமெரிக்காவுல இருக்கிற 11-மே அவங்க ஊரு ஃபுட்பாலுக்கு, அதாவது ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கிற ஆட்டத்துக்குக் கட்டினது. அந்த ஆட்டத்துக்கு அகலம் 49 மீட்டர் போதும், நம்ம ஃபுட்பாலுக்கு 68 மீட்டர் வேணும், அதனால ஃபைனலுக்கு எடுத்த நியூ ஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியத்துல மூலைப்பக்கம் சீட்டையெல்லாம் கழட்டிட்டாங்க. அது கொத்தனார் வேலை, விடுங்க. நிஜ சிக்கல் தரைதான். 16-ல 8 ஸ்டேடியத்துல இருக்கிறது பிளாஸ்டிக் புல், ஆண்கள் உலகக் கோப்பைன்னா அதை நடத்துற ஃபிஃபா நிஜப் புல்லு வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கும். (2015-ல கனடாவுல நடந்த பெண்கள் உலகக் கோப்பையை முழுக்க பிளாஸ்டிக் புல்லுலயே நடத்தினாங்க, வீராங்கனைங்க கேஸ் போட்டும் ஒண்ணும் நடக்கல. முட்டி உராயுறது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எரியும், இதை எங்க போய்ச் சொல்ல.)

போதாக்குறைக்கு டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, லாஸ் ஏஞ்சலஸ், வான்கூவர் அஞ்சுலயும் கூரை வேற. சூரியன் எட்டிப் பார்க்காத இடத்துல, கான்கிரீட்டுக்கு மேல, 105-க்கு 68 மீட்டர் நிஜப் புல்லு.

சாதாரணமா புல்லுப் பண்ணையில என்ன பண்ணுவாங்கன்னா, மண்ணுல புல்லை வளர்த்து, மெஷின் கத்தியை தரைக்கு அடியில ரெண்டு சென்டிமீட்டர் ஆழத்துல ஓட்டி, கேக் சீவுற மாதிரி சீவி சுருட்டி அனுப்புவாங்க. மேல பார்க்க பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா பெரும்பாலான வேர் பண்ணையிலயே தங்கிடும். கொண்டு போய் விரிச்ச இடத்துல அது புதுசா வேர் விட்டு பிடிக்க வாரக்கணக்கா ஆகும். வீட்டு வாசல்ல போடுறதுக்கு ஓகே, பூட்ஸுக்கு அடியில ஆணி வச்சவன் 22 பேர் ஓடுற இடத்துக்கு தாங்காது. 2024-ல கோபா அமெரிக்கான்னு அமெரிக்கக் கண்டத்து நாடுங்க ஆடுற ஃபுட்பால் போட்டியோட முதல் மேட்ச் அட்லாண்டாவுல நடந்தப்ப பிளாஸ்டிக் தரைக்கு மேல போட்டிக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் புல்லை விரிச்சாங்க. ஜெயிச்ச அர்ஜென்டினா டீமே மேட்ச் முடிஞ்சதும் தரையைத் திட்டித் தீர்த்துச்சு. தோத்தவன் திட்டினா சாக்குன்னு சொல்லலாம், ஜெயிச்சவனே திட்டினா என்ன சொல்றது.

சரி, வழி என்னன்னா: தரை முழுக்க தடிமனா பிளாஸ்டிக் ஷீட் விரிக்கணும். அது மேல சில சென்டிமீட்டர் மணல். அதுல புல்லு. அவ்வளவுதான். டெல்டா பக்கம் ஆளுங்க இதைப் படிச்சா, அட இது நம்ம பாய் நாற்றங்கால்தானேன்னு சிரிப்பாங்க. ஆமாங்க, அதேதான். மெஷின் நடவுக்கு பாலித்தீன் ஷீட் மேல கொஞ்சமா மண்ணும் எருவும் பரப்பி நெல்லு விதைச்சா, பதினஞ்சு நாளுல நாத்து மொத்தமும் ஒரே பாயா வந்துடும், ஓரத்தைப் பிடிச்சு சுருட்டி தோள்ல தூக்கிட்டு போயிடலாம். பழைய முறையில நாத்து பறிக்கிறப்ப வேரெல்லாம் அறுந்து, நட்டதுக்கு அப்புறம் ஒரு வாரம் மஞ்சளா நின்னு, அப்புறம்தான் பச்சை பிடிக்கும். பாய் நாத்துல அந்த மஞ்சள் ரொம்ப கம்மி, ஏன்னா வேரு அப்படியே கூட வருது.

ஆனா ஏன் பாயா வருது? இங்கதான் எனக்கு உடம்பு சிலிர்க்கும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

வேர் நுனியில ஒரு குட்டி தொப்பி இருக்கு. தொப்பிக்குள்ள சில செல்லு, அந்த செல்லுக்குள்ள ஸ்டார்ச் மணிங்க. பாட்டில்ல கலங்கின தண்ணி வச்சா வண்டல் அடியில படியுதுல்ல, பாட்டிலைச் சாய்ச்சா வண்டலும் சாயுற பக்கம் போய் உக்காருதுல்ல, அதே மாதிரி இந்த மணிங்க செல்லுக்குள்ள எப்பவும் கீழ்ப்பக்கம் போய் உக்காரும். எந்தப் பக்கம் உக்காருதோ அந்தப் பக்கமா ஆக்சின்ங்கிற ஹார்மோன் அதிகமா போகும். இந்த ஆக்சின் ஒரு வேடிக்கையான ஆளு, தண்டுக்குப் போனா வளர்ச்சியைத் தூண்டும், வேர்ல சேர்ந்தா வளர்ச்சியை அமுக்கும். அதனால படுத்திருக்கிற வேரோட கீழ்ப்பக்கம் மெதுவா நீளும், மேல்பக்கம் வேகமா நீளும், ரெண்டும் சேர்ந்து வேர் கீழ் நோக்கி வளையும். மூளை கிடையாது, கண்ணு கிடையாது, நாலு ஸ்டார்ச் மணியை வச்சுக்கிட்டு பூமி எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்குது.

இப்ப அந்த வேர் மணலைத் தாண்டி கீழ வந்து டொக்குனு பிளாஸ்டிக்ல முட்டுது. நுனி போக வழியில்ல, ஆனா நுனிக்குப் பின்னாடி இருக்கிற பகுதி நீண்டுக்கிட்டே இருக்கு, தள்ளுது. அதனால வேர் மடங்கி பக்கவாட்டுல சறுக்க ஆரம்பிக்கும். ஆனாலும் தொப்பிக்குள்ள மணிங்க விடாம கீழ கீழன்னு சொல்லிட்டே இருக்கு, அதனால நுனி மட்டும் லேசா கீழ சாஞ்சபடி, பிளாஸ்டிக்கைத் தடவிக்கிட்டே போகும், கரண்ட் போன வீட்டுல நாம சுவத்தைத் தடவிக்கிட்டே வாசலைத் தேடுவோமே அந்த மாதிரி. ஓட்டை கிடைச்சா அடுத்த நிமிஷமே இறங்கிடும். ஓட்டையே கிடையாது. போற வழியில இன்னொரு செடியோட வேர் குறுக்க வரும், அது மேல ஏறி, அதுக்கு அடியில நுழைஞ்சு, கிளை விட்டு, இப்படி ஒவ்வொரு செடியும் வாசலைத் தேடித் தேடி கடைசியில மணலையெல்லாம் உள்ள கவ்விக்கிட்டு கம்பளி மாதிரி ஒரு பின்னல் உருவாகிடும். யாரும் பின்னல, எல்லா வேரும் தப்பிக்கப் பார்த்துச்சு, அவ்வளவுதான். அறுவடைக்கு கத்தி ஓட்டுறப்ப நீளவாக்குல கீறி பட்டையா பிரிச்சா போதும், அடியில அறுக்கவே வேண்டியதில்ல, பிளாஸ்டிக்ல இருந்து தோசை மாதிரி உரிஞ்சு வந்துடும்.

இதுல இன்னொரு சமாசாரம், எல்லாப் புல்லும் ஒரே மாதிரி பின்னாது. மயாமி மாதிரி வெயில் ஊருல போடுறது பெர்முடா புல்லு. அது யாரு தெரியுமா, நம்ம பிள்ளையாருக்குச் சாத்துற அருகம்புல்லோட சொந்தம். ஸ்டேடியத்துக்குப் போடுற ரகம் பல, அருகையும் ஆப்பிரிக்கப் புல்லு ஒண்ணையும் கலந்து உருவாக்கினது. கல்யாணத்துல "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி"ன்னு வாழ்த்துறாங்கல்ல, அந்த வாழ்த்தை எழுதினவர் சரியா கவனிச்சிருக்கார். அருகு தரைக்கு மேல ஒரு கொடி விடும், தரைக்கு அடியில ஒரு கொடி விடும், ஒவ்வொரு கணுவுலயும் வேர் பிடிக்கும், களை எடுத்தவங்களைக் கேளுங்க. ஆனா அதுக்கு வெயில் வேணும், நிழல்ல சோம்பிடும். அதனால கூரை போட்ட ஸ்டேடியத்துக்கு குளிர் நாட்டுப் புல்லு ரெண்டு கலந்தது, கென்டக்கி புளூகிராஸும் ரை கிராஸும். ஹூஸ்டன் வெளிய கொதிக்கும், உள்ள ஏசி, உள்ள இருக்கிற புல்லுக்கு அது குளிர் தேசம். ரை கிராஸ் சீக்கிரம் முளைக்கும், மிதி தாங்கும், ஆனா குத்துக் குத்தா நிக்கும், பரவாது. புளூகிராஸ் முளைக்க சோம்பேறி, ஆனா மண்ணுக்கு அடியில கிழங்குத்தண்டு ஓட்டி எல்லாத்தையும் தச்சுக் கட்டும். ஒண்ணு ஆளு, இன்னொண்ணு கயிறு.

இந்த வித்தைக்குப் பின்னாடி ஒரு குரு சிஷ்யன் கதை இருக்கு. 1994 உலகக் கோப்பைக்கு டெட்ராய்ட் பக்கத்துல பான்டியாக் சில்வர்டோம்னு கூரை போட்ட ஸ்டேடியத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. அதுக்கு முன்னாடி உலகக் கோப்பை மேட்ச் கூரைக்கு அடியில நடந்ததே இல்ல. மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியில ட்ரே ராஜர்ஸ்னு ஒரு புல்லு ஆராய்ச்சியாளர் டீம், அறுகோணமா இரும்புத் தட்டு செஞ்சு, அதுல மண்ணு நிரப்பி, ஸ்டேடியம் பார்க்கிங்லயே வெயில்ல புல்லை வளர்த்து, போட்டிக்கு முன்னாடி தட்டு தட்டா உள்ள தூக்கிட்டு வந்து தேன்கூடு மாதிரி அடுக்கினாங்க. ஏன் அறுகோணம்? சதுரமா இருந்தா நாலு மூலை ஒரே இடத்துல சேரும், ஒரு தட்டு லேசா நகர்ந்தாலும் அந்த வரிசை முழுக்க நேர்கோட்டுல வெடிப்பு ஓடும். அறுகோணத்துல எந்த விளிம்பும் நீளமா ஓடாது, ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கும். 1994 ஜூன் 18, அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் 1-1. உள்ள ஏசி கிடையாது, ஆடினவங்க வெந்து போனாங்க, புல்லு மட்டும் நாலு மேட்சும் தாங்குச்சு. அந்த ராஜர்ஸோட பழைய மாணவர்தான் ஜான் சொரோச்சன், இப்ப டென்னசி யூனிவர்சிட்டியில. 2026-க்கு ஃபிஃபா ரெண்டு யூனிவர்சிட்டியையும் சேர்த்தே கூப்பிட்டுச்சு, ஒரே பந்து 16 ஊருலயும் ஒரே மாதிரி துள்ளணும்னு.

புல்லுக்கு ஆராய்ச்சியா, இதுக்கெல்லாமா காசுன்னு நம்ம ஊருல சிரிப்பாங்க. சிரிக்கிறவங்க யாரும் ராக்கெட்டுக்கு சிரிக்க மாட்டாங்க. என் அபிப்பிராயம், வேர் எப்படி மடங்குதுன்னு தெரிஞ்சுக்கிறதுக்குப் போட்ட காசு ஸ்டேடியத்தோட நிக்காது, நாத்துக்கும் வரும், மண் அரிப்பைத் தடுக்கிற கரைக்கும் வரும். 1994-ல தட்டு தூக்கின அனுபவம் முப்பது வருஷம் கழிச்சு இப்ப உதவுது, அந்த முப்பது வருஷமும் புல்லையே பார்த்துக்கிட்டு உக்கார ஒருத்தருக்கு யாரோ சம்பளம் கொடுத்திருக்காங்கல்ல.

சுருளோட எடையையும் கணக்கு போட்டுப் பார்த்தேன். 1.2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் தடிமன்னு வச்சா, மணலோட சேர்த்து முக்கால் டன்னுக்கு மேல வரும். மைதானம் முழுக்க அந்த மாதிரி அறுநூறு. இந்த எடைதான் பாதி பலம். கம்பளி மாதிரி பின்னல், அதுல முக்கால் டன் மணல், பக்கத்துச் சுருளோட இறுக்கி ஒட்டிட்டா ஓடி வந்து திடீர்னு திரும்புறவன் காலு அதை நகர்த்தாது, கீழ வேர் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்ல. அதுக்கும் மேல பல மைதானத்துல ஒரு தையல் மெஷினை ஓட்டி, புல்லுக்கு நடுவுல நடுவுல பிளாஸ்டிக் நாரைக் குத்தி இறக்குறாங்க, மொத்தத்துல அஞ்சு சதவீதம் போல. வேர் அந்த நாரையும் சுத்திக்கும்.

வெளிச்சத்துக்கு சக்கரம் வச்ச எல்இடி விளக்கு வரிசை, சிவப்பும் நீலமும் கலந்து கல்யாண மண்டபம் மாதிரி ரோஸ் கலர்ல எரியும். அடியில குழாய் போட்டு தண்ணியையும் காத்தையும் உறிஞ்சுவாங்க, ஊதவும் செய்வாங்க, ஏன்னா வேருக்கு மூச்சு வேணும். அரசமரம் ராத்திரியும் ஆக்ஸிஜன் விடும், அடியில படுங்கன்னு வாட்ஸப்புல வருதே, அதை அனுப்புற மாமாக்களுக்கு இதைத்தான் சொல்லணும்: இலை பகல்ல ஆக்ஸிஜன் விடும் சரி, வேர் பகலும் ராத்திரியும் ஆக்ஸிஜனை இழுத்துக்கிட்டேதான் இருக்கும். தண்ணி தேங்கி காத்து போகலைன்னா ரெண்டு மூணு நாள்ல அழுகல் நாத்தம் வந்துடும், அது அருகம்புல்லா இருந்தாலும் சரி.

பையனுக்கு இவ்வளவும் சொன்னேன், பாதியில கொட்டாவி விட்டான். சரின்னு ரெண்டு தட்டு எடுக்கச் சொன்னேன். ஒண்ணு பழைய சாப்பாட்டு டப்பா மூடி, அதுல விரல் தடிமன் மணல், அது மேல ராத்திரி ஊற வச்ச கேழ்வரகு. இன்னொண்ணு பூந்தொட்டி, நிறைய மண்ணு, அதே கேழ்வரகு. தினமும் தண்ணி தெளிக்கிறது அவன் வேலை. பன்னெண்டாவது நாள் தொட்டியில இருந்து கத்தியால ஒரு துண்டு சீவி எடுத்தான், கையில வந்ததும் மண்ணு பொலபொலன்னு உதிர்ந்து நாலு பயிர் சாஞ்சுச்சு. மூடியில இருந்ததை ஓரமா கிள்ளித் தூக்கினான், மொத்தமா எழுந்து வந்துச்சு. திருப்பிப் பார்த்தா அடியில மூடியில இருந்த வட்டக் கோடும் கம்பெனிப் பேரும் கூட அச்சு மாதிரி, வெள்ளை வெளேர்னு வேர்லயே பதிஞ்சிருந்துச்சு. அதைச் சுருட்டி, விரிச்சு, மறுபடி சுருட்டி, அவங்கம்மாகிட்ட காட்ட ஓடிட்டான்.