பறங்கியரும் பேர்கரும்

கொழும்பில் இனம் கேட்கும் படிவங்களில் சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர் என்பவற்றோடு பறங்கியர் என்ற பெயரையும் காணலாம். ஆங்கிலப் பிரதியில் அதே இடத்தில் ‘பேர்கர்’ என்றிருக்கும். இரண்டும் ஐரோப்பிய முன்னோர் வழிவந்த ஒரே மக்களைச் சுட்டினாலும் ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு அன்று. கலப்பு என்ற பொருள் இரண்டிலுமே தொடக்கத்தில் இருந்ததில்லை.

பேர்கர் என்பது ஒல்லாந்தச் சொல். கோட்டையையோ அரண் சூழ்ந்த நகரையோ குறிக்கும் ‘பர்க்’ என்பதிலிருந்து பிறந்து, நகர உரிமை பெற்ற குடிமகனைக் குறித்தது. 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில், கம்பனிச் சேவகத்தில் இல்லாமல் தொழிலும் வணிகமும் செய்து குடியிருந்த ஐரோப்பியரே பேர்கர் எனப்பட்டனர். ஆகவே அது இனத்தின் பெயரன்று, அந்தஸ்தின் பெயர். 1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், கம்பனிச் சேவகரும் சேவகர் அல்லாதாரும் என்ற பழைய பிரிவினை பொருளற்றுப்போக, இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் அனைத்துக்கும் அதுவே வம்சப் பெயராயிற்று. கம்பனிக்கு உழைத்தவர்களுள் ஜெர்மானியரும் சுவிஸ்காரரும் பிரெஞ்சுக்காரரும் பலர் இருந்தமையால், ‘ஒல்லாந்தப் பேர்கர்’ என்ற பெயரே ஒரு தோராயக் கணக்குத்தான்.

பறங்கி வந்த வழி வேறு. பிராங்கு என்னும் ஐரோப்பியக் குலத்தின் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் ‘பரங்கி’ என்பது போன்ற ஒலியில் மேனாட்டார் அனைவருக்கும் பொதுப்பெயராகி, தமிழுக்கு வந்தபோது முதன்மையாகப் போர்த்துக்கேயரைக் குறித்தது. சென்னையின் பறங்கிமலையும் கடலூர்ப் பக்கத்துப் பறங்கிப்பேட்டையும் அந்தக் காலத்துத் தடங்கள். போர்த்துக்கேய வழியினரிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்ட மிகவும் பாடுபட்ட ஒல்லாந்த வழியினரும், தமிழில் கடைசியில் அந்தப் போர்த்துக்கேயர் பெயருக்குள்ளேயே அடங்கிப்போனார்கள். சிங்களத்தில் இந்த விபத்து நேரவில்லை. ஒல்லாந்தர் பெயரின் சிதைவான ‘லன்சி’ என்ற தனிச்சொல் அங்கே உண்டு.

யார் பறங்கியர் என்பதற்கு 1830ஆம் ஆண்டளவில், இலங்கை நிர்வாகத்தை ஆராய ஆங்கிலேயர் அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் முன் பிரதம நீதியரசர் சேர் ரிச்சர்ட் ஒட்லி ஒரு விளக்கம் கொடுத்தார். தந்தைவழி முன்னோர் ஐரோப்பியராயின், தாய்மார் எவராயினும், எத்தனை தலைமுறை கடந்தாலும் பிள்ளைகள் பேர்கரே; தாய் ஐரோப்பியராக இருந்தும் தந்தை இந்நாட்டவராயின் பிள்ளைகள் பேர்கர் அல்லர் என்பது அதன் சாரம். 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பேர்கர் சங்கமும் தந்தைவழியையே அளவுகோலாகக் கொண்டது.

இந்த அளவுகோல் என்ன செய்யும் என்பதை வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அன்ரியின் தகப்பன் பறங்கியர், தாய் யாழ்ப்பாணத் தமிழர். அன்ரி மணந்தது சிங்களவரை, அன்ரியின் தம்பி மணந்ததும் சிங்களப் பெண்ணையே. இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னோர் கலப்பு ஒன்றுதான். ஆயினும் தம்பியின் பிள்ளைகள் படிவத்தில் பறங்கியர், அன்ரியின் பிள்ளைகள் சிங்களவர். நத்தாருக்குப் பறங்கியரின் மரபுப் பண்டமான பிரோடர் கேக்கை நெய்யிட்ட அச்சில் சுடுவதும், அதை எங்களுக்கு வெட்டி அனுப்புவதும் அந்தச் ‘சிங்கள’ வீட்டில்தான். குடும்பப் பெயரை நம்பினாலும் பயனில்லை. பெரேராவும் சில்வாவும் பெரும்பாலும் சிங்களவர், பெர்னாண்டோக்களில் தமிழரும் உண்டு.

அப்படியானால் தமிழில் எப்படி எழுதுவது? பேர்கரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நகரத்தார்’ என்று வரும். அதைச் செட்டியார் தெருவில் போய்ச் சொன்னால் வேறு ஆட்களைத்தான் காட்டுவார்கள். எனவே இச்சமூகத்துக்குப் பறங்கியர் என்பதே பொருத்தம். வீட்டில் போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்த கிரியோல் மொழியும் வெளியில் தமிழும் பேசிவந்த மட்டக்களப்புச் சமூகத்துக்கும் தமிழில் வழங்கும் பெயர் இதுவே. ‘அர்’ விகுதியை மட்டும் விடக்கூடாது, வெறும் ‘பறங்கி’ வசைபோல ஒலிக்கும். ‘சட்டைக்காரர்’ என்ற பழைய வழக்கு உடையைக் கண்டு இட்ட பெயர், அதை எழுத்தில் தவிர்ப்பது நல்லது.

பொதுவாகப் பல வழி முன்னோரைக் கொண்டவர்களைக் குறிக்கச் செய்தித்தாள்கள் ‘கலப்பினத்தவர்’ என்று எழுதுகின்றன. கலப்பினம் என்பது மிளகாய் விதைப் பைகளிலும் கறவை மாட்டு விளம்பரங்களிலும் இருக்கவேண்டிய சொல். தூய இனம் என்று ஒன்று வேறெங்கோ இருப்பதாகவும் அது எண்ணவைக்கிறது. மனிதர்களுக்குக் ‘கலப்பு மரபினர்’ என்று எழுதலாம். இன்னும் தெளிவு வேண்டுமானால், பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனமும் தாயின் இனமும் தனித்தனியே பதியப்பட்டுவந்ததைப் போல, ‘தகப்பன் பறங்கியர், தாய் தமிழர்’ என்று இரண்டையும் சொல்லிவிடலாம்.