தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது?

பத்து வயது மகளுக்குக் குறைந்த விலையில் முதல் கிட்டார் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மரத்தைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். ஆனால் 2018இல் வெளியான லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகையும் பக்கப் பலகைகளும் மட்டும் வெவ்வேறு மரங்களால் ஆன ஆறு கிட்டார்களை, மரம் கண்ணுக்குத் தெரியாதபடி 52 பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, விலை உயர்ந்த மரத்தை அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில்தான் நல்ல வீணை அமையும் என்ற நம் நம்பிக்கையையும் இப்படிச் சோதித்துப் பார்க்க யாராவது நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் முதலில் பார்க்கச் சொல்வது, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரத்தை. அந்த ஃபிரெட் தந்தியின் நடுவில் இருப்பதால், 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாவது தந்தியை அங்கே அழுத்தினால் 220 கிடைக்க வேண்டும். ஆனால் விரல் தந்தியைக் கீழே இழுத்துச் சற்று நீட்டியும் விடுகிறது. இழுவிசை கூடி, சுருதி ஏறுகிறது. 650 மி.மீ. தந்தியை நடுவில் 2.5 மி.மீ. அழுத்தினால் எவ்வளவு நீளும் என்பதைப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டே கணக்கிடலாம்: ஏறத்தாழ 0.02 மி.மீ. உயரம் 5 மி.மீ. ஆகும்போது நீட்சி இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 0.08 மி.மீ. ஆகிறது. ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் எஃகு எளிதில் நீளாத பொருள் என்பதால், அந்த முடியளவே காதுக்குத் தெரியும் அபசுரமாகிவிடுகிறது.

இதை ஈடுகட்டத்தான் எஃகுத் தந்திக் கிட்டார்களில் சாடிலை, அதாவது உடற்பகுதியில் தந்திகள் படிந்து நிற்கும் மெல்லிய பட்டையை, சில மி.மீ. பின்னுக்குத் தள்ளி, தடித்த தந்திகளின் பக்கம் இன்னும் விலகும்படி சாய்த்துப் பொருத்துகிறார்கள். தந்திகள் அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் இந்த ஈடு போதாது. வெறும் தந்திகளைச் சரியாகச் சுருதி சேர்த்த பிறகும் கார்டு (பல சுரங்களின் கூட்டொலி) கசப்பாக ஒலிக்க, குழந்தை தன் காதில்தான் குறை என்று எண்ணி வாத்தியத்தையே மூலையில் வைத்துவிடுகிறது. என்னை வருத்துவது இதுதான்.

கடையிலேயே சோதித்துவிடலாம். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் கம்பிக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுத்தால் மணி போன்ற மெல்லிய ஓசை எழும். அது நீட்டப்படாத தந்தியின் சுருதி. பிறகு அங்கேயே அழுத்தி மீட்டி, செல்பேசியிலுள்ள டியூனர் செயலியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். எஃகுத் தந்திக்கு 2 முதல் 3 மி.மீ., நைலானுக்கு 3 முதல் 4 மி.மீ. உயரம் இயல்பானது.

சற்றே உயரமாக இருப்பதைச் சரிசெய்ய முடியும். என் முதல் கிட்டாரின் சாடிலைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். நடுவில் 1 மி.மீ. இறங்க, சாடிலில் 2 மி.மீ. தேய வேண்டியிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால், இழுவிசை குறைந்த நைலான் தந்திகளுடன் கூடிய முக்கால் அளவுக் கிட்டாரையே நான் தேர்ந்தெடுப்பேன்.