ஸ்போர்ட் ரூட் என்றால் ஆணிவழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினேழு வயது மாணவி ஒருத்தி கைப்பேசியை நீட்டி, "சார், இது தமிழ்தானா?" என்றாள். ஜூலை விடுமுறையில் மலைக்குப் போகிறாள். அங்கே ஒரு ‘பிகினர் ஃபிரெண்ட்லி ஸ்போர்ட் கிளைம்பிங் ரூட்’ ஏறப்போவதை ஆயாவிடம் தமிழில் சொல்ல வேண்டுமாம். கைப்பேசி கொடுத்த தமிழ்: ‘தொடக்கக்காரர் நட்பு விளையாட்டு ஏறும் பாதை’. ஐந்தும் தமிழ்ச் சொற்கள்தான். சேர்த்து வாசித்தால் தமிழ் இல்லை.

இதில் பெரிய வில்லங்கம் ‘ஸ்போர்ட்’. அதை ‘விளையாட்டு’ என்று பெயர்த்தால், மற்ற வகைப் பாறையேற்றமெல்லாம் ஏதோ தொழில் என்று ஆகிவிடும். பாறை ஏறுகிறவர்கள் வாயில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஏறும் வழி நெடுகப் பாறையில் துளை போட்டு எஃகு போல்ட்டுகளை முன்கூட்டியே பதித்திருந்தால் அது ஸ்போர்ட் ரூட். ஏறுகிறவர் தானே வெடிப்புகளில் காப்புக் கருவிகளைச் செருகிக்கொண்டு போக, பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றி எடுத்து வந்தால் அது ‘டிராட்’, அதாவது பழைய முறை. ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், 1970-80களில் போல்ட் பதிக்கும் பழக்கம் பரவியபோது இரண்டையும் பிரித்துச் சொல்ல வந்த பெயர் இது. போட்டியெல்லாம் அப்புறம்தான். இத்தாலியின் பார்தொனேக்கியாவில் 1985இல் நடந்தது முன்னோடிப் போட்டிகளில் ஒன்று. ஒலிம்பிக்கில் இது நுழைந்தது தோக்கியோவில், 2021இல். ஆக, தமிழில் வர வேண்டியது விளையாட்டு அல்ல, போல்ட்.

போல்ட்டுக்குத் தமிழ் என்ன? ஆங்கிலத்தில் முன்பு அது குறுக்குவில்லில் வைத்து எய்யும் குட்டை அம்பு. பிறகுதான் தாழ்ப்பாளும் மரையாணியும் ஆனது. நான் ‘ஆணி’ என்கிறேன். ஆணி என்றால் சுத்தியலால் அடிப்பதுதானே என்று சிலர் கேட்பார்கள். அச்சாணியை யாரும் அடித்து இறுக்கிவிட்டுப் போவதில்லையே! கடையாணி, திருகாணி எல்லாம் இருக்கும் மொழியில் போல்ட்டுக்கு ஆணி தாராளமாகப் பொருந்தும். சுத்தியலால் அடித்து இறக்கும் பிட்டனுக்கு ‘முளை’ என்று வைத்துக்கொள்ளலாம். மாடு கட்ட அடிப்பதும் அதைத்தானே.

அடுத்து ‘கிளைம்பிங்’. இதற்குப் பத்திரிகைகள் சட்டென்று ‘மலையேற்றம்’ போட்டுவிடுகின்றன. அது நடந்து ஏறுவதையும் சேர்த்துச் சொல்வதால் இங்கே பொருந்தாது. போதாததற்கு ‘மலையேறுதல்’ தமிழில் வேறு வேலையும் செய்கிறது. காவடி முடிந்து அருள் விலகியதும் டர்பன் கோயில்களிலும் "சாமி மலையேறியாச்சு" என்பார்கள். விளக்கு அணைந்தாலும் மலையேறிவிட்டது. கழிந்துபோன காலமும் அப்படித்தான். பேத்தி மலையேறப் போகிறாள் என்று ஆயாவிடம் சொன்னால் என்ன ஆகும்? பாறையேற்றம் என்பதே சரி.

‘ரூட்’ லத்தீனின் ‘ருப்தா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. உடைத்துத் திறந்த வழி என்று பொருள். தமிழில் பாதை என்றால் பலர் நடந்து பதிந்த தடம்தான் மனதில் வருகிறது. செங்குத்துப் பாறையில் அப்படி ஒரு தடம் கிடையாது. ‘வழி’ போதும்.

இதையெல்லாம் கூட்டினால் ‘ஆணிவழி’. இது நான் கோத்த சொல். ஆனால் இதற்கு ஒரு மூதாதை உண்டு: மால்பு. பாறைமுகட்டுத் தேனடையை எடுக்கக் குறவர்கள் சார்த்திய மூங்கில் ஏணி அது. மூங்கிலின் கணுதான் படி, அதனால் கண்ணேணி என்றும் பெயர். குறுந்தொகையில், தேன் ஆசையில் பழைய மால்பு என்று அறியாமல் ஏறிவிட்ட ஒரு பேதை உவமையாக வருகிறான். ‘முதுமால்பு’ என்பது அங்குள்ள சொல். யாரோ முன்பு பொருத்திவைத்ததை நம்பிச் செங்குத்தில் ஏறுவது என்ற கருத்து அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் ஆம்ஃபிதியேட்டர் என்ற பாறைச்சுவரின் முகட்டுக்கு ஏறுகிற இடத்தில் பாறையோடு தொங்கும் சங்கிலி ஏணிகளைப் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஆணிவழியை மால்பு என்றே சொல்லிவிடலாமா என்று ஆசை. ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அகராதியில் மால்பு இருக்கட்டும், வாயில் ஆணிவழி இருக்கட்டும்.

டிராக்கன்ஸ்பர்க்கின் உயரத்தில் பெரும்பாலும் பழைய முறைதான். மேலடுக்கு எரிமலைப் பாறை பல இடங்களில் கையோடு பெயர்ந்து வரும். ஆணிவழிக்குப் பேர்போன ஊர் ம்புமலாங்கா மாகாணத்தின் வாட்டர்வால் போவன். நீர்வீழ்ச்சிக்கு மேலே இருக்கும் ஊர் என்று பொருள், நம் மேலூர் மாதிரி. இப்போதைய பெயர் எம்குவென்யா. என் மாணவியின் குடும்பம் போனது அங்கேதான். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். செம்மஞ்சள் குவார்ட்சைட் பாறை. முதல் ஆணியைத் தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் கனத் தண்டு பாறைக்குள் போயிருக்க, வெளியே ஓட்டையுள்ள எஃகுத் தகடு மட்டும் காது போல நீட்டிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பிலிருந்து ஒரு கொக்கிச்சோடியை எடுத்து ஒரு கொக்கியை அந்தக் காதில் மாட்டினாள், இன்னொன்றில் கயிற்றை அழுத்தினாள். ‘டிக்’. கீழே கயிறு பிடித்திருந்த அவள் அப்பா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

அவர் செய்ததற்குப் பெயர் ‘பிலே’. கப்பல்காரர்கள் கயிற்றை முளையில் சுற்றிக் கட்டுவதற்கு வைத்திருந்த சொல். ‘வடம் பிடித்தல்’ என்று சொல்லலாமே என்றார் நண்பர் ஒருவர். அழகுதான், ஆனால் தேரை இழுக்கத்தான் வடம். இங்கே இழுத்தால் ஏறுகிற பிள்ளைக்குக் கோபம் வரும். விரல் கனக் கயிறு இது, ‘கயிறு பிடிப்பவர்’ போதும்.

‘பிகினர் ஃபிரெண்ட்லி’யில் நட்பு எதுவும் இல்லை. பழகுகிறவருக்கு ஏற்றது, அவ்வளவுதான். தொழில் பழகுநர் என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அந்தப் ‘பழகு’வை எடுத்துப் ‘பழகுவழி’ என்று வைத்தால் கச்சிதம். பழகுவழி குட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆணிகள் நெருக்கமாக இருக்கும், பாறை செங்குத்துக்குக் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும், கைக்குப் பெரிய பெரிய பிடிகள் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் கடினத்தை ஒரே ஓர் எண்ணால் சொல்வார்கள், எண் கூடக்கூடக் கடினம். அவள் ஏறியது 12.

திரும்பி வந்ததும் ஆயாவிடம் நேராகவே சொன்னாள்: "ஆயா, பாறையில ஆணிவழி ஏறினேன். பழகுவழிதான்." ஆயாவுக்குச் சொல் உடனே புரிந்துவிட்டது. கேட்டது இவ்வளவுதான்: "அந்த ஆணியை யாரு வெச்சாங்க? எப்ப வெச்சாங்க?"

மாணவி என்னைப் பார்த்தாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன்.