உங்கள் டிவிஷனின் பழைய தேர்தல் முடிவுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறக் கவுன்ட்டி ஒன்றில், டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் தேர்தல் பிரிவில் வேலை பார்க்கிறேன். கவுன்ட்டி என்பது பெரிய பகுதி, அதற்குள் அடங்கும் சின்னப் பகுதிதான் டிஸ்ட்ரிக்ட்; இரண்டுக்கும் தனித்தனிக் கவுன்சில் உண்டு. நான் இங்கே பேசுவது கவுன்ட்டி கவுன்சில் தேர்தலைப் பற்றித்தான் என்றாலும், அதற்கு வாக்குச்சாவடி போடுவதும் ஓட்டு எண்ணுவதும் எங்களைப் போன்ற டிஸ்ட்ரிக்ட் ஆட்கள்தான். முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலைக்கு வந்து, லண்டனைவிட்டுத் தள்ளிச் சின்னச் சின்ன ஊர்களில் குடியேறிய நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் தேர்தல் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "நாங்க இன்னும் சிட்டிசன் ஆகலையே" என்பது ஒன்று. "இங்க எப்பவும் ஒரே கட்சிதாங்க ஜெயிக்கும், நம்ம ஓட்டால என்ன ஆகப்போகுது" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று எந்தக் காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருந்தால், 18 வயது ஆகியிருந்தால் ஓட்டு உண்டு. வேலை விசாவா மாணவர் விசாவா என்பது பிரச்சினையே இல்லை. கவுன்சில் தேர்தலுக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் உண்டு. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயரை நீங்கள்தான் பதிய வேண்டும்.

இரண்டாவதுக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். கவுன்ட்டி கவுன்சில்களுக்கு முதல் தேர்தல் நடந்தது 1889-ல். இன்றைய அமைப்பு 1972-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 1973-ல் தேர்தல், 1974 ஏப்ரல் 1-ல் புதிய கவுன்சில்கள் பொறுப்பேற்றன. கவுன்ட்டியைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள், அந்தத் துண்டுதான் டிவிஷன். கிராமத்துப் பக்கம் ஒரே டிவிஷனில் பல ஊர்கள் அடங்கும், பெரும்பாலும் ஒரே ஒரு கவுன்சிலர். அப்படி ஒரு டிவிஷனின் முடிவுகளை 1973 முதல் வரிசையாக அடுக்கினால் பல இடங்களில் ஒரே கட்சி, ஏன், ஒரே ஆள் பெயரே திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "எப்பவும் ஒரே கட்சி" என்கிறார்கள்.

ஆனால் அசையும்போது மொத்தமாக அசைந்திருக்கிறது. 1993-ல் கன்சர்வேட்டிவ் கட்சி, தன் கோட்டை என்று நினைத்திருந்த கவுன்ட்டிகளையெல்லாம் பறிகொடுத்தது. கையில் மிஞ்சியது பக்கிங்ஹாம்ஷர் ஒன்றுதான். 2009-ல் பறிகொடுக்கும் முறை லேபர் கட்சிக்கு. டார்பிஷர், லங்காஷர், நாட்டிங்ஹாம்ஷர், ஸ்டாஃபர்ட்ஷர் என்று மிச்சமிருந்த நான்கும் போயின. 2025 மே 1 அன்று, 1997 முதல் கன்சர்வேட்டிவ் கையில் இருந்த கென்ட்டில் 81 இடங்களில் 57-ஐ ரிஃபார்ம் யுகே கட்சி பிடித்தது. யார் ஜெயித்தது நல்லது என்று சொல்வது என் வேலை இல்லை. மாறவே மாறாது என்ற பேச்சு எண்களுக்கு முன்னால் நிற்காது, அவ்வளவுதான்.

பழைய முடிவுகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. 1997, 2001, 2005 மூன்றிலும் நாடாளுமன்றத் தேர்தல் நடந்த அன்றே கவுன்ட்டித் தேர்தலும் நடந்தது (2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் மே 3-லிருந்து ஜூன் 7-க்குத் தள்ளிப்போட்டார்கள், பண்ணைக்குப் பண்ணை மக்கள் போய்வரவே முடியாத நேரம் அது). அதனால் அந்த ஆண்டுகளில் விழுந்த ஓட்டு மிக அதிகம். அதை 2013-ஓடு வைத்துப் பார்த்து "மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது" என்று சொன்னால் தவறாகிவிடும். அப்புறம், டிவிஷனின் பெயர் அப்படியே இருக்கும், எல்லை மாறியிருக்கும். எல்லை ஆணையம் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்த்து வேறொன்றை வெட்டியிருக்கும், ஆகவே 2013-க்கும் 2017-க்கும் நடுவில் ஒரு கட்சியின் ஓட்டு சரிந்தால், சரிந்தது கட்சியா வரைபடமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை முடிந்ததும் ஒட்டப்படும் முடிவு அறிவிப்பைப் பாருங்கள். ஒரே ஒரு தாள். வேட்பாளர் பெயர்கள், எதிரே ஓட்டு எண்ணிக்கை, ஜெயித்தவர் பெயருக்குப் பக்கத்தில் அதற்கான குறிப்பு. எல்லோரும் அதோடு நகர்ந்துவிடுவார்கள். கீழே செல்லாத ஓட்டுக் கணக்கு இருக்கும்: ஒன்றுக்கு மேற்பட்டவருக்குப் போட்டவை, யார் போட்டது என்று தெரிகிறமாதிரி எழுதியவை, வெற்றாக விட்டவை. தாளில் கையெழுத்துப் போட்டால் ஓட்டே போயிற்று, அது பலருக்குத் தெரிவதில்லை. இந்தக் கணக்கையும் ஜெயித்தவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சில இடங்களில் நெஞ்சு பதறும். உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட வந்தாலே சாதாரணம் என்ற நிலை. நான்கைந்து பேர் நின்று ஓட்டுச் சிதறினால், யாருக்குக் கூடுதலோ அவருக்கே வெற்றி என்பதால் சில நூறு ஓட்டில் முடிவாகிவிடும். 2017-ல் நார்தம்பர்லாண்டின் சவுத் பிளைத்தில் இரண்டு பேருக்குச் சமமான ஓட்டு. மறுபடி எண்ணியும் சமம். சட்டப்படி குலுக்கல்தான், குச்சி எடுத்தார்கள். லிபரல் டெமாக்ரட் ஜெயித்தார், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு மொத்தக் கவுன்சிலிலும் பெரும்பான்மைக்கு ஓர் இடம் குறைந்தது. அன்று வீட்டில் இருந்துவிட்ட ஒரே ஒரு ஆள் வந்திருந்தால் குச்சிக்கே வேலை இல்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்றால், உங்கள் கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுங்கள், பெரிய பங்கு கவுன்ட்டிக்குப் போகிறது. ரோட்டுக் குழி, நூலகம், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேல் முதியோர் பராமரிப்பு. நீங்கள் வேலை செய்யும் கேர் ஹோமில் ஒரு பெரியவருக்கான கட்டணத்தைக் கவுன்சில் கட்டுகிறது என்றால், எவ்வளவு கட்டுவது என்று பேசுவது அந்தக் கவுன்ட்டிதான். உங்கள் சம்பளம் வரும் வழியில் அதுவும் ஒன்று. 2018-ல் நார்தாம்ப்டன்ஷர் கவுன்ட்டி கையில் பணமில்லை என்று நோட்டீஸ் விட்டது, 2021-ல் அந்தக் கவுன்சிலே கலைந்து இரண்டாகிவிட்டது. மற்ற இடங்களிலும் கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டடுக்கு முறையை எடுத்துவிடப் போவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்திருக்கிறது. புதிய கவுன்சில் வந்தாலும் இந்தப் பொறுப்புகள் அதனிடம்தான் போகும்.

கடைசியாக, வாக்குச்சாவடி மேசையில் அடிக்கடி பார்க்கும் ஒரு சிக்கல். 2023 மே முதல் இங்கிலாந்தில் புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்தியப் பாஸ்போர்ட்டும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், காலாவதி ஆகியிருந்தாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். இந்திய, இலங்கை டிரைவிங் லைசன்ஸ் செல்லாது. நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், வாக்காளர் பட்டியலில் கணவர் பெயர் என்று இருக்கும், சிலருக்கு ஒரு பக்கம் இனிஷியல், இன்னொரு பக்கம் முழுப்பெயர். சின்ன வித்தியாசத்தை அதிகாரி ஏற்றுக்கொள்வார், பெயரே வேறு மாதிரி இருந்தால் திருமணச் சான்றிதழ் போல ஏதாவது கொண்டு வர வேண்டும். பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பு. எந்த அடையாளமும் இல்லாதவர்களுக்கு இலவசச் சான்றிதழ் தருவோம், அதற்கு 6 வேலை நாள் முன்பு, மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தபால் ஓட்டுக்கு 11 வேலை நாள் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.