எஃகு மறக்காத அழுத்தம்

எரிவாயு நிரம்பிய பெரிய கோளத் தொட்டியைக் காலி செய்யாமலேயே, அதன் சுவரில் விரிசல் வளர்கிறதா என்று அறிய முடியுமா என வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். தொட்டி எழுப்பும் ஒலியைக் கேட்க வேண்டும்.

உலோகத்தில் விரிசல் இம்மியளவு நீண்டாலும், அங்கே தேங்கியிருந்த ஆற்றலில் ஒரு பங்கு அதிர்வலையாகச் சிதறும். சோதனைக்குப் பெரும்பாலும் 100 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை எடுத்துக்கொள்கிறார்கள். நம் செவியின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான். ஆகவே தொட்டியின் வெளிப்புறத்தில், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ மின் உணரிகளைப் பொருத்துவார்கள். எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் ஓடும். எந்த உணரியை எப்போது எட்டியது என்ற நேர வேறுபாட்டிலிருந்து, நிலநடுக்க மையத்தைக் கணிப்பதைப் போலவே, ஒலி பிறந்த இடம் கிடைத்துவிடும்.

என்னை வியக்கவைப்பது அடுத்த கட்டம். ஜெர்மனியின் யோசெப் கைசர் 1950இல் மியூனிக்கில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு விந்தையைப் பதிவு செய்தார். ஓர் உலோகத் துண்டின் மீது சுமையை ஏற்றினால் ஒலி எழும். இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றினால், முன்பு தொட்ட உச்சத்தைத் தாண்டும்வரை ஏறக்குறைய அமைதிதான்! உச்சம் கடந்ததும் ஒலி மறுபடி தொடங்கும். ஏன்? முதல் சுமையிலேயே நழுவ வேண்டிய படிக அடுக்குகள் நழுவிவிட்டன, திறக்க வேண்டிய நுண்விரிசல்கள் திறந்துவிட்டன. அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மறுமுறை அதே சுமைக்கு உலோகம் மீள்தன்மையுடன் நீண்டு கொடுக்கிறது, அவ்வளவே. தான் தாங்கிய உச்ச அழுத்தத்தை எஃகு இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இதைச் சோதனையாக்குவது எளிது. அண்மையில் 10 பார் (அழுத்தத்தின் அலகு) வரை கண்ட தொட்டியை இப்போது 11 பாருக்கு மெல்ல உயர்த்துகிறார்கள். நல்ல சுவர் 10 வரை பெரிதாக எதுவும் சொல்லாது. 8 பாரிலேயே ஓரிடத்திலிருந்து ஒலி வந்தால், இடைக்காலத்தில் அங்கே ஏதோ பலவீனம் புகுந்திருக்கிறது. அழுத்தத்தை உயர்த்தாமல் நிறுத்திவைத்த பின்னும் ஒலி ஓயாவிட்டால் கவலை இன்னும் கூடும். விரிசலின் நீள ஆழத்தை இந்தச் சோதனை சொல்லாது. அந்த இடத்தில் மீயொலிக் கருவியை வைத்து அளக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கட்டிய எலுமிச்சையை நம்பி ஆய்வைத் தள்ளிப்போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே பணயம் வைக்கப்படுவது தொழிலாளியின் உயிர். புதுக் கருவி வாங்கக் கிடைக்கும் பணத்தில் சிறு பகுதியாவது, அதன் அலைகளைப் படித்துப் பொருள் சொல்லும் ஆட்களைப் பயிற்றுவிக்கச் செல்ல வேண்டும் என்பதும் என் உறுதியான எண்ணம்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னொன்று: வெப்பப் பதப்படுத்தலில் எஃகின் இந்த நினைவு அழிந்துவிடும். பழுதுபார்த்துப் புதிதாகப் பற்றவைத்த இடத்துக்குப் பழைய நினைவே கிடையாது. எனவே சோதனைக்கு வருபவரிடம் தொட்டியின் அழுத்தப் பதிவேட்டோடு பழுதுபார்ப்பு விவரங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.