தவறான குடும்பத்தில் நூறு ஆண்டு

பனாமா, கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் ஈரமான தாழ்நிலக் காடுகளில் வாழ்கிறது சபயோவா என்ற சின்னப் பறவை. நீளம் 15 செ.மீ. உடம்பு முழுக்க மங்கிய ஆலிவ் பச்சை, தொண்டை மட்டும் கொஞ்சம் மஞ்சள். ஓடைக்கரை மரத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் இலையா பறவையா என்றே தெரியாது.

1903-இல் பறவையியலாளர் எர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட் இதற்கு 'சபயோவா எனிக்மா' என்று அறிவியல் பெயர் சூட்டினார். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் சின்னப் பறவைகளான மனாக்கின்களின் குடும்பத்தில் இதைச் சேர்த்துவிட்டார்கள். பெண் மனாக்கின்களும் இதே பச்சைதான், காடும் ஒன்றுதான். ஆனால் மனாக்கின்களைவிட இதன் வால் நீளம். கூட்டமாகக் கூடி நடனமாடிப் பெண்ணை மயக்கும் ஆண் மனாக்கின்களின் பழக்கமும் இதனிடம் இல்லை. இருந்தாலும் வேறு எங்கே வைப்பது?

இருண்ட காட்டில் பூச்சி பிடித்துத் தின்னும் எந்தப் பறவைக்கும் பச்சை நிறம் பயன்படும். அதனால் நிறத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது. மரபணு அப்படியல்ல. ஒரு மூதாதையின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினால், அந்த மாற்றம் வழிவழியாக வாரிசுகளுக்குப் போகும். இப்படிப்பட்ட மாற்றங்கள் பலவற்றை இரண்டு இனங்கள் பகிர்ந்துகொண்டால் அவை நெருங்கிய சொந்தம். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2003-இல் சபயோவாவின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்: ஆசிய, ஆப்பிரிக்கக் காடுகளின் அகன்ற அலகுக் குருவிகள், மடகாஸ்கரின் அசிட்டிகள், ஆறுமணிக்குருவி உள்ளிட்ட பிட்டாக்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கூடுதான். மனாக்கின், கிளைக் கவட்டில் சின்னக் கிண்ணம்போலக் கூடு கட்டும். பனாமாவின் டாரியன் காட்டில் பார்த்த சபயோவா கூடோ, நீரோடைக்கு மேலே கிளையிலிருந்து தொங்கும் பை, நுழைவாயில் பக்கவாட்டில். அகன்ற அலகுக் குருவிகளும் அப்படித்தான் தொங்கவிடும்.

சரி, சொந்தங்களை விட்டு அமெரிக்காவுக்கு எப்படி வந்தது? தென் கண்டங்கள் ஒன்றாயிருந்த கோண்டுவானாப் பெருங்கண்டம் உடைந்தபோதே பிரிந்துவிட்டது என்பது முதலில் சொல்லப்பட்ட விளக்கம். பிந்தைய மரபணு ஆய்வுகளோ, பிரிவு அவ்வளவு பழையதல்ல என்கின்றன. பூமி இன்றைவிட வெதுவெதுப்பாக இருந்த காலத்தில் வடகோடி வரை காடு இருந்தது. ஆசியாவையும் வட அமெரிக்காவையும் இணைத்த நிலப்பாலம் வழியே மூதாதைகள் வந்து, குளிர் கூடக்கூடத் தெற்கே நகர்ந்திருக்கலாம். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. பட்டியல்களில் இப்போது இதற்கு சபயோவிடே என்று தனிக் குடும்பம். அதில் இந்த ஓர் இனம் மட்டும்தான்.